அம்மாவைக் கேட்டீர்களா?



மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று நோயாளருக்கு நற்கருணை எடுத்துச் செல்வது நமது பங்கில் நெடுநாளைய வழக்கம். சில மாதங்களுக்கு முன் அவ்வாறு சென்றபோது ஒரு வீட்டில் நிகழ்ந்ததை இம்மாதம் எழுதத் துணிகிறோம். அவ்வீட்டு அம்மையாரின் சம்மதம் பெற்றே எழுதுகிறோம். எனினும் சில அடையாளங்களை மாற்றியிருக்கிறோம். ஆகவே இது இன்னார் வீட்டுச் சங்கதி என்று ஊகித்துப் பார்க்கும் அன்பர்கள் வீண் சிரமம் கொள்ள வேண்டாம்.

அம்மையாருக்கு வயது அறுபதை ஒட்டி இருக்கும். கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சென்னிமலைப் பக்கத்தில் போர்வைத் தறியில் உழைத்து இரண்டு ஆண்மக்களை ஆளாக்கியவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் மார்பில் கட்டி கண்டு, அறுவைச் சிகிச்சையும், கீமோதெரபியும், நம் மக்கள் 'கரண்டு வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சும் பெற்று எழுந்து நடமாடினார். இப்போது அந்நோய் எலும்பில் மீண்டும் தலைகாட்டியிருக்கிறது. இனி அதை அடியோடு நீக்க இயலாது, அடக்கி வைத்து நல்ல நாள்களைக் கூட்டலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்கு இரண்டு வழிகள் உண்டென்றும் சொல்லியிருக்கிறார். ஒன்று, வீட்டிலிருந்தே உண்ணும் மாத்திரை. மற்றொன்று, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கோவை சென்று நரம்பின் வழியே ஏற்றிக்கொள்ளும் மருந்து. இவருடைய நிலையில் எதைக்கொண்டு தொடங்கினாலும் பெரிய வேறுபாடு இராது என்பது மருத்துவரின் கருத்து.

வாசலிலேயே மூத்த மகன் நம்மை எதிர்கொண்டார். "மாத்திரையே போதும்னு முடிவு பண்ணிட்டோமுங்க சாமி. அம்மாவுக்கு அலைச்சல் மிச்சம்" என்றார். நல்ல முடிவுதான் என்று நாமும் சொல்லிவைத்தோம். உள்ளே சென்று செபித்து, நற்கருணை அளித்து, எழப்போகும் தருவாயில் அந்த அம்மையார் மெல்லச் சொன்னார்: "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க சாமி."

குறையாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்திருக்கலாம் என்பதுபோலச் சொன்னார். மகன் மீது அவருக்குக் கோபமும் இல்லை. ஆனால் அந்தச் சொல் நம்மை வீடுவரை தொடர்ந்து வந்தது. ஏனெனில் நாமும் அவரைக் கேட்காமலேதான் 'நல்ல முடிவு' என்று தீர்ப்புக் கூறியிருந்தோம்.

வீட்டிலா, மருத்துவமனையிலா என்ற வினா நமது பெருந்துறைக்குப் புதிதன்று. கீமோதெரபி என்ற சொல்லும் புற்றுநோயை மட்டும் குறித்து நம் நாட்டில் வழங்கியதன்று. பெருந்துறையின் காசநோய் சானடோரியத்தை மூத்த வாசகர்கள் அறிவர். இன்று அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி நிற்கும் அவ்விடத்தை முதியோர் இன்னும் சானடோரியம் என்றே குறிப்பிடுகின்றனர். ஒரு காலத்தில் காசநோயாளி என்றால் வீட்டைவிட்டு, ஊரைவிட்டு, மாதக்கணக்கில் அத்தகைய இடத்தில் கிடந்து தூய காற்றும் ஓய்வும் ஊட்டமும் பெறவேண்டும் என்பதே வைத்திய விதி. தாயைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும் பிள்ளைகள் அவரை மீண்டும் காண்போமா என்றறியாமல் திரும்புவர்.

இவ்விதியை அசைத்தது நம் சென்னைதான். 1956-ஆம் ஆண்டில் சேத்துப்பட்டில் காசநோய்க் கீமோதெரபி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கூடி அதை ஏற்படுத்தின. மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் என்பவர் அதன் ஆய்வை நடத்தினார். நகரத்தின் ஏழைக் காசநோயாளர் 193 பேரைச் சீட்டுப்போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினர். மறு பகுதியினருக்கு அதே மருந்துகளைக் கொடுத்து, நெருக்கடியான தத்தம் வீடுகளிலேயே இருக்கச் செய்தனர். 1959-இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டின் இறுதியில் சானடோரியத்தில் இருந்தோரில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தோரில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. நல்ல உணவும் மெத்தையும் இருந்த இடத்துக்கும், பத்துப்பேர் படுக்கும் குடிசைக்கும் இடையே இருந்த வேறுபாடு அவ்வளவே. வீட்டில் இருந்த நோயாளிகளால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்று ஏற்படவும் இல்லை. அதன்பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக ஒழிந்தன. சேத்துப்பட்டு நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

ஆனால் இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் ஒன்றை விட்டுவிடுவர். வீட்டிலிருந்தவர்களை அந்நிலையத்தார் மாத்திரையைக் கையில் கொடுத்து மறந்துவிடவில்லை. நோயாளிகள் வாரந்தோறும் வந்து மருந்து பெற்றனர், சுகாதாரப் பணியாளர் சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். மருத்துவமனையே வீட்டுக்குச் சென்றதால் அன்றோ வீட்டு வைத்தியம் வென்றது! இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து செலுத்தும் வழிகள் பல. பெரும்பான்மையோர் அறிந்தது நரம்பின் வழியே துளித்துளியாக ஏற்றுவது. 'சிவப்பு மருந்து' என்று நோயாளிகள் அஞ்சிப் பேசும் டாக்சோரூபிசின் அவ்வாறு ஏற்றப்படுவதே. அது நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் சதை வெந்து புண்ணாகும். ஆதலால் ஏற்றும்போது எரிச்சலோ வலியோ கண்டால் 'பொறுத்துக்கொள்வோம்' என்று பல்லைக் கடித்துக்கொண்டிராமல் உடனே செவிலியரைக் கூப்பிட வேண்டும். நம் தாய்மாருக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது கடினம். பொறுத்துக்கொள்வதே நற்குணம் என்று பிறந்தநாள் முதல் பயின்றவர்கள் அவர்கள். (அம்மருந்து ஏறிய ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போவதைக் கண்டு இரத்தம் என்று அலறியவர்களையும் நாம் அறிவோம். அது மருந்தின் நிறமே, அஞ்ச வேண்டியதில்லை.) மீண்டும் மீண்டும் ஊசி குத்திக் கையின் நரம்புகள் கெட்டியாகிவிட்டால், காறை எலும்பின் கீழே தோலுக்கடியில் சிறு குமிழ் ஒன்றைப் பதித்து அதன் வழியே மருந்து செலுத்துவர். அதைப் போர்ட் என்பர். கையைக் குத்திக் குத்தி நரம்பு தேடும் வேதனை அதனால் நீங்கும். சேலை மாராப்புக்குள் அது மறைந்தும்விடும். ஆயினும் 'உடம்பில் ஒரு சாமான் இருக்கிறது' என்ற எண்ணமே சில பெண்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அடுத்தது மாத்திரை. இதுவும் புதுமை அன்று. 1976-இல் இத்தாலியின் மிலான் நகரத்து மருத்துவர் பொனடோனா வெளியிட்ட புகழ்பெற்ற சிகிச்சை முறையிலேயே மூன்று மருந்துகளில் ஒன்று வாய்வழி உட்கொள்ளும் மாத்திரைதான். இப்போது பரவலாகத் தரப்படும் கேப்பசிட்டபின் என்ற மாத்திரை 1998-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. காலையும் மாலையும் உணவுண்ட அரைமணிக்குள் உட்கொள்ள வேண்டும்; பெரும்பாலும் பதினான்கு நாள் உண்டு, ஏழு நாள் ஓய்வு. இதில் முடி உதிர்வது அரிது. ஆண்மக்கள் இதை அற்பம் என்று எண்ணலாம். எண்ணியதைப் பார்த்தும் இருக்கிறோம். தலைமுடி இழந்த பெண் சந்தைக்கும், கலியாணத்துக்கும், கோவிலுக்கும் செல்லும்போது சந்திக்கும் கேள்விகளை அவர்கள் அறியார். வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடனாக முடி கொடுத்தேன் என்று சொல்லிச் சமாளித்த சகோதரி ஒருவர், "பொய் சொன்னதுக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணோணுமுங்களா சாமி?" என்று நம்மைக் கேட்டதுண்டு. குணமானதும் போய் உண்மையாகவே கொடுத்துவிட்டு வாருங்கள், கணக்குச் சரியாகும் என்றோம்.

மாத்திரைக்கும் அதற்குரிய தொல்லைகள் உண்டு. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரியும். எல்லாருக்கும் கடுமையாக வருவதில்லை. வந்தால் தறியில் நூல் பிடிக்கும் கைக்கும், களத்தில் கொப்பரை உடைக்கும் கைக்கும், வெயிலில் வரப்பின்மேல் நடக்கும் காலுக்கும் அது சிறு விஷயமாகாது. கைரேகையே அழிந்துபோவதும் உண்டு. சிங்கப்பூரைச் சேர்ந்த ஒருவர் வேறு வகைப் புற்றுநோய்க்கு இம்மாத்திரையை உண்டுவந்தபோது அமெரிக்க விமான நிலையத்தில் ரேகை பதியாமையால் சில மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்ட செய்தி 2009-இல் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. நம்மவர் விமானம் ஏற வேண்டியதில்லை. ரேஷன் கடைக் கருவியில் விரல் வைத்தாலே போதும், இச்சங்கடம் விளங்கிவிடும்.

இன்னொரு வழி, தொடையின் தோலுக்கடியில் போடும் ஊசி. இது எல்லாருக்கும் உரியதன்று. மார்பகப் புற்றுநோயாளருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஹெர்-2 என்ற வகை நோய் இருக்கும். அவர்களுக்குக் கீமோதெரபியோடு சேர்த்துத் தரப்படும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தை இவ்வாறு போடலாம். நரம்பில் ஏற்ற அரைமணி முதல் ஒன்றரை மணி வரை ஆகும் மருந்து, இவ்வழியில் சுமார் ஐந்தே நிமிடத்தில் முடிகிறது.

இனி நோயாளிகள் எதை விரும்பினர் என்பதைப் பார்ப்போம். மேனாட்டு மருத்துவர்கள் இதை முறையாகவே கேட்டு எழுதி வைத்திருக்கின்றனர். கனடாவில் 1997-இல் வெளியான ஆய்வொன்றில், குணமாக்க இயலாத புற்றுநோய் கொண்ட 103 பேரை, மாத்திரையா நரம்பூசியா என்று வினவினர். 92 பேர் மாத்திரை என்றனர். வசதி, ஊசி குத்தும் தொல்லை இன்மை, வீட்டுச் சூழல் என்பன அவர்கள் சொன்ன காரணங்கள். ஆனால் அடுத்த கேள்விக்கு வந்த விடையே நம்மைக் கவர்ந்தது. மாத்திரையின் பலன் சற்றுக் குறைவென்றாலும் அதையே ஏற்பீர்களா என்று கேட்டபோது, பத்தில் ஏழு பேர் மாட்டோம் என்றனர்! வசதி வேண்டும், ஆனால் வசதிக்காக உயிரை விலைபேச மாட்டோம் என்பதே அவர்கள் விடை.

அவர்கள் எச்சரிக்கை வீண் போகவில்லை என்பதைப் பின்னொரு ஆய்வு காட்டிற்று. தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய் கொண்ட 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு, வழக்கமான கீமோதெரபிக்குப் பதிலாகக் கேப்பசிட்டபின் மாத்திரை மட்டும் போதுமா என்று அமெரிக்காவில் 633 பேரைக் கொண்டு சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டனர். மாத்திரை மட்டும் உண்டவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. வயதானவர்களுக்கு மாத்திரையே இதம் என்று அன்பினால் எண்ணும் பிள்ளைகள் இதை நினைவில் கொள்ள வேண்டும். குணமாக்கும் நோக்கில் தரும் சிகிச்சையில் இதமான வழி எப்போதும் சரியான வழியாகிவிடாது. மறுபுறம், மாத்திரை என்றால் மட்டம் என்றும் எண்ணிவிட வேண்டாம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் வாய், தொண்டைப் பகுதியில் முற்றிய புற்றுநோய் கொண்ட 422 பேரிடம் விலை மலிந்த மாத்திரைகளை நரம்பூசியோடு ஒப்பிட்டு 2020-இல் வெளியிட்ட முடிவில், மாத்திரை உண்டவர்கள் நடுநிலைக் கணக்கில் 7.5 மாதமும் ஊசி பெற்றவர்கள் 6.1 மாதமும் உயிர்வாழ்ந்தனர். ஆக, எந்த நோய், எந்த நிலை, எந்த மருந்து என்பதைப் பொறுத்தது அது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்ததை நம் வீட்டுக்கு அளவுகோலாக்கலாகாது.

மேற்சொன்ன தொடையூசியைப் பற்றி 12 நாடுகளில் பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு வழியிலும் மருந்தைக் கொடுத்து, அனுபவித்தபின் கேட்டனர். இது நல்ல முறை. விடை அளித்த 236 பேரில் 216 பேர் தொடையூசியை விரும்பினர். நேரம் மிச்சம், வலி குறைவு என்றனர். 16 பேர் நரம்பின் வழியையே விரும்பினர். நால்வர் எதுவாயினும் சரி என்றனர்.

இந்த 16 பேரைப் பற்றியே நாம் நெடுநேரம் சிந்தித்தோம். 216 என்ற எண்ணைப் பார்த்தவுடன் "பார்த்தீர்களா, எல்லாருக்கும் அதுதான் பிடிக்கிறது" என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் நம் வீட்டில் இருக்கும் தாய் அந்தப் பதினாறில் ஒருவராக இருந்தால்? எண்ணிக்கை அவருக்காக விடை சொல்ல இயலாது. அவரைக் கேட்டால்தான் தெரியும்.

இங்கே நம்முடைய குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், முப்பத்தைந்து வயதுத் தாய் ஒருவருக்கு இந்நோய் கண்டது. "பேரைச் சொன்னால் தாங்க மாட்டாள்" என்று குடும்பத்தார் கெஞ்ச, நாமும் இசைந்தோம். ஏற்றிய மருந்துக்குச் 'சத்து மருந்து' என்று பெயரிட்டு அழைத்தனர். மூன்று முறை சென்றுவந்தவர், நான்காம் முறை மறுத்துவிட்டார். சத்து மருந்து வாந்தியும் சோர்வும் தருகிறது, முடியையும் உதிர்க்கிறது, அப்படிப்பட்ட சத்து எனக்கு வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் என்ன தவறு? விடைசொல்ல ஒருவராலும் இயலவில்லை. சிகிச்சையில் ஒரு மாதம் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியால் என்ன விளைந்தது என்று நம்மால் சொல்ல முடியாது. அவர் மறு ஆண்டு இறந்தார். இறுதிவரை நம்மைப் பார்க்கும்போதெல்லாம் "எனக்கு என்னதான் நோவு சாமி?" என்று கேட்டார். நாம் வயிற்றுப்புண்ணைப் பற்றிப் பேசினோம். பர்த்திமேயு என்ற பார்வையற்றவரிடம் ஆண்டவர், கண் தெரியாதவர் என்று கண்கூடாகக் கண்ட பின்னும், உமக்கு என்ன வேண்டும் என்று வினவியதை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். அந்தத் தாயிடம் நாம் அப்படி ஒருமுறையேனும் கேட்டதில்லை.

நோயின் பெயரையே மறைத்துவிட்டால் மருந்தின் வழியைப் பற்றி எப்படிக் கேட்பது? ஆகவே முதற்படி அதுவே. எப்படிச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதற்கு மருத்துவரின் துணையை நாடுங்கள். நம் அனுபவத்தில், வீட்டார் மறைப்பதாக எண்ணும் செய்தியைப் பெரும்பாலான தாய்மார் முன்பே அறிந்திருக்கிறார்கள். பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று அவர்களே மறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தபடி, மருத்துவரின் அறைக்குள் அவரையும் அழைத்துச் செல்வது. வெளியே பெஞ்சியில் உட்காரவைத்துவிட்டு மகன் மட்டும் ஸ்கேன் உறையோடு உள்ளே போவது வேண்டாம். உள்ளே சென்றதும் கேட்க வேண்டியவை: இந்தச் சிகிச்சை குணமாக்குவதற்கா, அடக்கி வைப்பதற்கா? இரண்டு வழி உண்டென்றால் பலனில் வேறுபாடு உண்டா? எத்தனை முறை வரவேண்டும், ஒவ்வொரு முறையும் எத்தனை மணி நேரம்? எந்தத் தொல்லை எந்த வழியில் அதிகம்? மாத்திரையானால், அது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்குமா என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நலம். பஸ் கட்டணம் மிச்சம் என்று தொடங்கி மருந்துக் கடையில் அதைவிட மிகுதியாகக் கொடுக்க நேரலாம்.

மாத்திரையைத் தேர்ந்தவர்களுக்குச் சேத்துப்பட்டுப் பாடத்தை நினைவூட்டுகிறோம். மேற்சொன்ன அமெரிக்க ஆய்விலேயே மாத்திரைப் புட்டியின் மூடியில் சிறு கருவி ஒன்றைப் பொருத்தி, எத்தனை முறை திறக்கப்பட்டது என்று கணக்கெடுத்தனர். நான்கில் ஒரு பங்குப் பெண்கள், உண்ண வேண்டியதில் நூற்றுக்கு எண்பது பங்கைக்கூட உண்ணவில்லை. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். குமட்டும் நாளில் மாத்திரையைப் பார்த்தாலே குடல் புரளும். பக்கத்தில் கேட்பாரும் இரார். எனவே நாள்காட்டியில் குறியுங்கள். ஒருவர் எண்ணிப் பாருங்கள். வயிற்றுப்போக்குக் கட்டுக்கடங்காமல் போனாலும், வாய் வெந்து உணவு இறங்காவிட்டாலும், அடுத்த வேளை மாத்திரையை உண்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவானாலும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இது மாத்திரை, ஊசி இரண்டுக்கும் பொது. கஷாயம் வைத்துக் கொடுத்து விடியட்டும் என்றிருப்பது இந்நோயில் உயிருக்கே ஆபத்து.

தூரம் என்ற தடையும் நம் பக்கத்தில் குறைந்து வருகிறது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் விதைத்த எண்ணம், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையமாக உருப்பெற்றது. மருத்துவர் சாந்தா 2021-இல் தாம் மறையும் வரை தம் வாழ்நாளை அதற்கே ஈந்தார். ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, விடியற்காலை சென்னையில் இறங்கி, அடையாற்றுக்கு வழி கேட்டுச் சென்ற கொங்கு நாட்டுக் குடும்பங்கள் எத்தனையோ! இன்று கோவையிலேயே சிகிச்சை கிடைக்கிறது. 2023-இல் தமிழக அரசு வீடுதோறும் அழைத்துப் புற்றுநோயைக் கண்டறியும் திட்டத்தை முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் நம் ஈரோடும் ஒன்று. மாவட்ட மருத்துவமனைதோறும் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையம் அமைப்பதாக மத்திய அரசு 2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்திருக்கிறது. மருந்து ஏற்றிக்கொண்டு மாலையே வீடு திரும்பும் வசதி அண்மையிலேயே அமையுமானால், வீடா மருத்துவமனையா என்ற வினாவின் கடுமை பாதி தணியும்.

நம் அம்மையாரிடம் திரும்புவோம்.

மறுவாரம் மகனை அழைத்துப் பேசினோம். நல்ல பிள்ளை, ஒரு கணம் முகம் சிவந்தார். "அம்மாவுக்கு எது சௌகரியம்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றார். தெரியும் என்றே நாமும் எண்ணியிருந்தோம் என்று நம் பிழையைச் சொன்னோம். அன்று மாலை அவர் தாயின் அருகில் அமர்ந்து கேட்டாராம். முதலில் "நீ சொல்றதுதான்டா கண்ணு" என்றே சொல்லியிருக்கிறார். நம் தாய்மாரின் முதல் விடை எப்போதும் அதுவே. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்க வேண்டும். மூன்றாம் முறை கேட்டபின், கோவைக்குப் போய் ஏற்றிக்கொள்வதே தனக்கு இஷ்டம் என்றிருக்கிறார்.

காரணங்களை அவரே பின்னர் நம்மிடம் விவரித்தார். கண்பார்வை மங்கல், காலையில் எத்தனை, மாலையில் எத்தனை என்று மாத்திரையை எண்ணுவது பயமாக இருக்கிறது. மருமகள் வேலைக்குப் போகிறவள். வீட்டில் தன் மாத்திரை, தன் வயிற்றுப்போக்கு என்று அவளுக்கு நாள்தோறும் பாரமாக வேண்டாம். இதெல்லாம் நாம் எதிர்பார்த்தவையே. அடுத்துச் சொன்னதை எதிர்பார்க்கவில்லை. "வீட்ல இருந்தா நான் நோயாளியா இருக்க முடியாதுங்க சாமி. யாராச்சும் வந்தா எந்திரிச்சு காப்பித்தண்ணி வெக்கோணும். அங்கே போனா அந்த ஒரு நாளு படுத்துக்கலாமுங்க. என்னையாட்டமே நாலு பொம்பளைங்க பக்கத்துல இருப்பாங்க. அவிங்ககிட்ட எல்லாம் பேசலாமுங்க."

முந்தைய சிகிச்சையின்போது பக்கத்து நாற்காலியில் இருந்த கோபிசெட்டிபாளையத்து அம்மாள் ஒருவரோடு உண்டான சிநேகம் இன்றும் தொலைபேசியில் தொடர்வதை அன்றுதான் மகனும் அறிந்தார். முடி உதிருமே என்று நாம் தயங்கியபோது, அது ஒருமுறை போய் வந்ததுதானே என்றார்.

மருத்துவர் தடை சொல்லவில்லை. கை நரம்புகள் தளர்ந்திருந்தமையால் போர்ட் பதித்துக்கொள்ளச் சொன்னார். அம்மையார் ஒரு நாள் யோசித்து ஒப்புக்கொண்டார். மூன்று வாரத்துக்கொருமுறை செவ்வாய்க்கிழமை காலையில் பெருந்துறையில் கோவைப் பேருந்து ஏறுகிறார்கள். ஒருமுறை மூத்தவர், மறுமுறை இளையவர் துணை. நான்கு தவணை முடிந்திருக்கிறது. எலும்பு வலி குறைந்திருப்பதாகச் சொல்கிறார். இந்த மருந்து எவ்வளவு காலம் நோயை அடக்கிவைக்கும் என்பதை மருத்துவர் அவரிடமே பேசியிருக்கிறார். பின்னொரு நாள் மாத்திரைக்கு மாற வேண்டி வரலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

சென்ற முதல் வெள்ளியன்று வழக்கம்போல் சென்றோம். மருந்து ஏறி மூன்றாம் நாள், வாய் வெந்திருந்தது. அப்பத்தின் சிறு துணுக்கைத் தண்ணீரோடு உட்கொண்டார். கிளம்பும்போது, எந்த நாளில் நாம் வருவது உங்களுக்குத் தோதுப்படும் என்று கேட்டோம். இத்தனை மாதங்களில் அதையும் கேட்டதில்லை. அவர் நாள்காட்டியைக் கொண்டுவரச் சொல்லி, விரல்விட்டு எண்ணினார். "முதல் வெள்ளி வேண்டாமுங்க சாமி. ஊசி போட்ட ரெண்டாவது வாரம், புதன்கிழமை வாங்க. அன்னைக்கு நாக்குல ருசி இருக்குமுங்க."